இடது கார்னர்

மணி என்னண்ணே ஆச்சு? மூணே காலா. அப்ப நேரம் இருக்கு. மூணே முக்காலுக்கு இந்த வாசல்லயே ஒரு பஸ் நிக்கும்னு எதுத்த டீக்கடையில சொன்னாங்க. அதைப் புடிச்சா நாலரைக்கெல்லாம் கிரவுண்டுக்குப் போயிரலாம். அஞ்சு மணிக்கு எங்களுக்குப் பைனல். கபடி. அதான் டவுசரை மாத்தாம மேல கைலியைச் சுத்திக்கிட்டு உக்காந்துருக்கேன், தப்பா நெனைக்காதீங்க.

உள்ள படுத்துருக்கறது தவசின்னு எங்க டீம் பையன். இருபத்திநாலு வயசு. முழங்காலுக்குக் கீழ எலும்பு போயிருச்சாம், வைத்தியரு தடவிப் பாத்தே சொல்லிட்டாரு. முட்டை வாங்கிட்டு வரச் சொன்னாங்க, வாங்கிக் குடுத்துட்டேன். இழுத்து நேராக்கி, பத்துப் போட்டு, மூங்கில் பத்தை வச்சுக் கட்டணும். நேரமாகும். உங்களுக்கு யாரு? வீட்டம்மா கையா. பாத்ரூம்ல வழுக்கிருச்சா. அது ஒண்ணரை மாசத்துல சரியாயிரும்ணே, கவலைப்படாதீங்க. எனக்கு இந்த எடம் நல்லாப் பழக்கம். இதோட நாலாவது தடவை வர்றேன். ஒரு தடவைகூட எனக்காக வந்ததில்ல, பாத்துக்கங்க. எல்லாம் கூட வந்ததுதான்.

கபடி பாத்துருப்பீங்கள்ல? ரைடர் பாடிக்கிட்டு வருவான், இந்தப் பக்கம் நாங்க ஏழு பேரு நிப்போம். ஓரத்துல நிக்கிறவன் கார்னர். நான் இடது கார்னர். எனக்கு அடுத்து நிக்கிறவன் கையை நான் கோத்துக்கிடணும். ரைடர் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நிக்கிறப்ப வாயைத் தொறந்து பேச முடியாதுல்ல, அதனால பேச்செல்லாம் கையிலதான். ஒரு அமுக்கு அமுக்குனா பொறுன்னு அர்த்தம். ரெண்டு அமுக்குனா போகணும். ரெண்டு பேரும் ஒண்ணாப் பாயணும். நான் கணுக்காலைப் புடிப்பேன், அவன் தொடையைக் கட்டுவான். அமுக்குறது கார்னரோட வேலை. பதினாலு வருசமா நான் அமுக்குனேன், பக்கத்துல நின்ன அமல்ராஜ் போனான். எங்க ரெண்டு பேரையும் ஒரே ஆளும்பாங்க.

அப்பேர்ப்பட்ட என்னைய போன வருசம் ஆடி மாசம் டீம்ல இருந்து எடுத்துட்டாங்கண்ணே. சொல்லிக்கூட எடுக்கல. குரூப்ல லிஸ்ட் போட்டாங்க, பத்துப் பேரு, அதுல அழகுமலைங்கற பேரு இல்ல. எனக்கு ஒண்ணும் புரியல. டைப் பண்றப்ப விட்டுப்போச்சுன்னு நெனைச்சு நானே கீழ என் பேரைப் போட்டு அனுப்பி வச்சேன். ஒருத்தனும் பதில் போடல. சாயங்காலம் குணசீலன் வீட்டுக்கு வந்தான். அவன்தான் கேப்டன், என்னை விட ஏழு வயசு சின்னவன், அண்ணே அண்ணேன்னுதான் பேசுவான். வந்தவன் உக்காந்தான், தண்ணி குடிச்சான், இன்னொரு செம்பு தண்ணி குடிச்சான். அப்புறம் தரையைப் பாத்துக்கிட்டே சொன்னான்.

"வெயிட் கூடிருச்சுண்ணே உங்களுக்கு. அறுபத்தஞ்சு கிலோ பிரிவுல எறக்க முடியாது. அதான்."

எழுபத்தோரு கிலோ இருந்தேன், இல்லைங்கல. ஆனா அறுபத்தெட்டு இருந்தவன், அறுபத்தொம்பது இருந்தவன் எல்லாத்தையும் கூப்புட்டு, மூணு வாரம் டைம், குறைச்சிட்டு வாடான்னு சொல்லியிருக்கான். என்கிட்ட மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லல. மறந்துட்டான் போல. நான்தான் வாசல் வரைக்கும் போயி, குறைச்சா எடுத்துக்கிருவியா குணான்னு கேட்டேன். பாக்கலாம்ணேன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டான். பாக்கலாம்னு சொன்னான்ல. அது போதும் எனக்கு.

நீங்க சிரிப்பீங்க. நான் நூல் மில்லுல வேலை பாக்குறேன். பகல் ஷிப்டு, மூணு மணிக்கு விட்டுருவாங்க. மில்லுல என்னைய மிஷின் நம்பரைச் சொல்லித்தான் கூப்புடுவாங்க. வீட்டுல ஏங்கன்னு கூப்புடுவா. அழகுமலைன்னு முழுப்பேரைச் சொல்லி, அதுவும் மைக்குல, நூறு பேரு திரும்பிப் பாக்குற மாதிரி கூப்புடுறது அந்த ஒரு எடத்துலதாண்ணே. அது இல்லைன்னா அஞ்சு மணிக்கு மேல நான் யாரு? கிரவுண்டுல விசில் சத்தம் எங்க வீட்டுக்குக் கேக்கும். அது கேக்கக்கூடாதுன்னு டிவியைச் சத்தமா வைப்பேன். டிவியில என்ன ஓடுதுன்னு சத்தியமாத் தெரியாது.

சோத்தை நிறுத்துனேன். காலையில கொள்ளுக் கஞ்சி, மதியம் வெள்ளரிக்கா, அவ்வளவுதான். உரச்சாக்கை உடம்புல சுத்தி, மேல ஸ்வெட்டரைப் போட்டு, சித்திரை வெயில்ல பைபாஸ் ஓரமா ஓடுனேன். போற வர்றவன் பைத்தியம்னு நெனைச்சிருப்பான். ஒரு நாள் மில்லுல மிஷின் மேலயே மயங்கி விழுகப் பாத்தேன். சூப்பர்வைசர் வீட்டுக்கு அனுப்பிட்டாரு. வளர்மதி, என் வீட்டுக்காரி, அன்னிக்குத் தட்டுல சோத்தைப் போட்டு முன்னால வச்சிட்டு எதுத்தாப்புல உக்காந்துட்டா.

"அந்த டீமு இல்லாட்டி செத்தா போயிருவீங்க?"

ஆமான்னேன். யோசிக்கவே இல்ல, வாய்ல வந்துருச்சு. அவ தட்டை எடுத்துட்டுப் போயிட்டா. அதுக்கப்புறம் சாப்புடுன்னு சொல்றதையே விட்டுட்டா.

இந்தா வர்றேம்மா. ஒரு நிமிசம். உள்ள இருக்கற பொண்ணுதான், தவசிகூட வந்தவங்க யாருன்னு கேக்குது. தோளைப் புடிச்சுக்க ஆள் வேணுமாம். முதல்ல பத்து அரைக்கட்டும், அதுக்குள்ள என்ன அவசரம். நீங்க உக்காருங்க.

அமல்ராஜ் விசயத்தைச் சொல்லலையே. என்னைய எடுக்குறதுக்கு முந்தின சித்திரையில ஒரு மேட்ச்சுல அவனுக்கு முட்டி போயிருச்சு. ஆபரேசன் பண்ணியும் சரியா வரல. இப்ப ஷேர் ஆட்டோ ஓட்டுறான், எறங்குறப்பக் கொஞ்சம் சாய்ஞ்சுதான் எறங்குவான். அந்த மேட்ச்சுல என்ன ஆச்சுன்னா, நான் ரெண்டு அமுக்கு அமுக்குனேன், அவன் போனான், எனக்குக் கால் வழுக்கிருச்சு. மண்ணு கிரவுண்டு, முந்தின நாள் மழை. யாருக்கும் வழுக்கும்லண்ணே. அவன் தனியாளாப் புடிச்சுட்டான். ரைடர் எண்பது கிலோ, அது வெயிட் பாக்காத ஓப்பன் மேட்ச்சு. அப்படியே இவன் முட்டி மேல உக்காந்துட்டான்.

எனக்காகக் குணாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுன்னு கேக்கத்தான் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். வேற எதுக்கும் போகல. அவன் ஆட்டோவுல உக்காந்துக்கிட்டே கேட்டான்.

"நீ அமுக்குன, நான் போனேன். திரும்பிப் பாத்தா நீ லைனுக்கு வெளிய நின்ன. எப்படிடா வழுக்குனவன் நின்னுக்கிட்டு இருப்பான்?"

வலியில இருந்தவனுக்கு என்ன தெரிஞ்சிருக்கும், சொல்லுங்க. விழுந்தேன், எந்திரிச்சுட்டேன். அதைப் பாத்துட்டு நின்னேங்கறான். அதோட அவன்கிட்டப் பேச்சை விட்டுட்டேன். பதினாலு வருசம் கோத்த கை. அழுகை வந்துருச்சுண்ணே எனக்கு, பொய் சொல்லல, ஆட்டோ ஸ்டாண்டுப் பின்னாடி போயி நின்னு அழுதேன்.

என்னது? பயமா? எனக்கா? என் வாயைப் பாருங்க. மேல மூணும் கட்டுன பல்லு. அஞ்சு வருசம் ஆச்சு, கணுக்காலைப் புடிச்சப்ப ரைடர் முட்டி வந்து மூஞ்சியில வாங்குனது. வாயெல்லாம் ரத்தம். நான் புடியை விடல. அப்பேர்ப்பட்ட ஆளு நான். அதுலருந்து ரைடர் கிட்ட நெருங்குனா கண்ணு மட்டும் தானா மூடிக்கும். தூசிதான் காரணம். கண்ணு டாக்டர்கிட்டக்கூடக் காட்டுனேன், ஒண்ணுமில்லைன்னுட்டாரு.

சரி, விசயத்துக்கு வர்றேன். மணியைப் பாத்துக்கங்க. வைகாசி முதத் தேதி அறுபத்திநாலு எண்ணூறு வந்துட்டேன். அரிசிக் கடை எடை மிஷினைக் கேட்டு வாங்கி, மொபெட்ல வச்சுக் கட்டி, கிரவுண்டுக்கே கொண்டு போயிட்டேன். குணா முன்னால ஏறி நின்னேன். பாரு குணான்னேன். அவன் நம்பரைப் பாத்தான், என் மூஞ்சியைப் பாத்தான். கன்னமெல்லாம் ஒட்டிப்போயி நான் கெழவன் மாதிரி இருந்தேன் அப்ப. அப்புறம், பிராக்டீஸுக்கு வாங்கண்ணேன்னான்.

பிராக்டீஸுக்குப் போனேன். எடது ஓரத்துல போயி நின்னு கையை நீட்டுனேன். பக்கத்துல இருந்தவன் குனிஞ்சு கயிறு கட்டுனான், ஷூவுல. கட்டி முடிச்சுட்டு நாலு எடம் தள்ளிப் போயி நின்னுட்டான். இன்னொருத்தன் வந்தான், அவனும் கையைத் துடைக்கிற மாதிரி துடைச்சிட்டு அந்தப் பக்கம் போயிட்டான். இந்தக் காலத்துப் பயலுகளுக்கு மரியாதை தெரியலண்ணே. சீனியர் கையை நீட்டுனா புடிக்கணும்ல? ஒரு மாசம் அப்படியே போச்சு. நான் கோடு போட்டேன். தண்ணி எடுத்துட்டு வந்தேன். ஜெர்சியெல்லாம் வீட்டுக்குக் கொண்டு போயி வளர்மதி கையால துவைச்சு எடுத்துட்டு வந்தேன். ஒரு நாள் குணாவே, நீங்க எதுக்குண்ணே இதெல்லாம் பண்றீங்க, வீட்டுக்குப் போங்கண்ணேன்னு கெஞ்சுற மாதிரி சொன்னான். வெயிட் இன்னும் குறைக்கணுமான்னு கேட்டேன். இல்லண்ணேன்னுட்டு அந்தப் பக்கம் போயிட்டான்.

தவசி அப்பத்தான் வந்து சேந்தான். வெளியூருப் பையன், எங்க ஊர்ல பொண்ணெடுத்து இங்கயே தங்கிட்டான். அவனுக்குப் பழைய கதையெல்லாம் தெரியாது. மொத நாளே நேரா வந்து என் கையைக் கோத்தான். கோத்து, எத்தனை அமுக்குண்ணேன்னு கேட்டான். எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? ஒரு வருசம் கழிச்சு ஒருத்தன் என் கையைப் புடிக்கிறான். குணா தூரத்துல இருந்து அவனைக் கூப்புட்டான். அது அவன் காதுல விழுகல, இங்கயே நின்னான்.

இன்னிக்குக் காலையில நடந்ததைக் கேளுங்க. இந்தத் தடவை லிஸ்ட்டு ஒம்பது பேரு, அதுல நான் இல்ல. இருந்தாலும் பையை எடுத்துக்கிட்டு நானாப் பஸ் ஏறி வந்துட்டேன். நேத்து மதியத்துல இருந்து பச்சைத் தண்ணி குடிக்கல. எனக்குப் பதிலா இடது கார்னர் ஆடுறவனுக்கு மஞ்சக்காமாலை. எடை போடுற எடத்துல ரெண்டு பேரைத் தள்ளிட்டாங்க, ஒருத்தன் நானூறு கிராம் கூட, இன்னொருத்தன் ஒரு கிலோ. குடிச்சிருப்பானுக மோரை. எண்ணிப் பாத்தா ஆறு பேருதான் நிக்கிறான். நான் கைலியை அவுத்துப் போட்டுட்டு மிஷின்ல ஏறுனேன். அறுபத்திநாலரை. விழாக்குழுக்காரரு பாஸ்னு சொன்னப்ப, மிஷினை விட்டு எறங்கவே மனசு வரல எனக்கு.

குணா என்னைத் தனியாக் கூப்புட்டான். என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டான்.

"அண்ணே, நீங்க கை கோத்து நின்னாப் போதும். அமுக்க வேணாம். பிள்ளைகுட்டிக்காரன் தவசி. உங்களைக் கும்புட்டுக் கேட்டுக்கிறேன்."

சரின்னேன். அமுக்காத கார்னர் என்ன கார்னர்ணே? இருந்தாலும் சரின்னேன். சும்மா நில்லுன்னாலும் நிப்பேன், தலைகீழா நில்லுன்னாலும் நிப்பேன், அந்தக் கோட்டுக்குள்ள நின்னாப் போதும்.

ரெண்டு மேட்ச்சு அப்படியே நின்னேன். ஜெயிச்சோம். மூணாவது செமி பைனல். கடைசி ரைடு, சரிக்குச் சரி நிக்குது. அவுங்க ரைடர் நெட்டையன், நம்ம பக்கமே வர்றான், கால் என் முன்னாலயே வந்து எறங்குது. எடுத்துக்கன்னு நீட்டுன மாதிரி இருக்கு. ஒரு வருசமா நான் கனவு கண்ட காலுண்ணே அது. குணா நடுவுல இருந்து வேணாம் வேணாம்னு கத்துறான். என் கை தானா அமுக்கிருச்சு. ரெண்டு தடவை.

தவசி போயிட்டான். யோசிக்கவே இல்ல அவன். போயி தொடையைக் கட்டிட்டான். நானும் பாயத்தான் போனேன். ரப்பர் மேட் விரிச்ச தரையில யாரோ தண்ணி சிந்தியிருக்காங்க, வழுக்கிருச்சு. நெட்டையன் அவனை லைன் வரைக்கும் இழுத்துட்டுப் போறான், இவன் விடல. அதுக்குள்ள மத்தவனுக எல்லாம் மேல விழுந்து அமுக்கிட்டானுக. சடக்குன்னு ஒரு சத்தம். பாயிண்டு நமக்கு. மேட்ச்சு நமக்கு. மைக்குல சொல்றாண்ணே, இடது கார்னர் அழகுமலையும் தவசியும் சேந்து பைனலுக்குக் கொண்டு போயிட்டாங்கன்னு. என் பேரு. முழுப்பேரு. ஊரே கை தட்டுது. நான் கையைத் தூக்கிட்டு நிக்கிறேன். அப்பத்தான் தவசி இன்னும் எந்திரிக்கலைன்னு பாத்தேன்.

குணா என் பக்கமே திரும்பல. வேற எங்கயோ பாத்துக்கிட்டு, நீங்களே கூட்டிட்டுப் போயிருங்கண்ணேன்னான். பொறுப்பான ஆளுன்னுதான் என்கிட்டச் சொன்னான். ஆட்டோவுல வர்றப்பத் தவசி ஒண்ணே ஒண்ணு கேட்டான், அண்ணே நீங்க எந்தப் பக்கம் வந்தீங்கன்னு. வழுக்கிருச்சு தவசின்னேன். அதுக்கப்புறம் மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டான். வலி, என்ன பண்ணுவான்.

மூணு முப்பத்தஞ்சா? அண்ணே, ஒரு உதவி. உங்க போன்ல இருந்து ஒரு கால் போடுறீங்களா? என் நம்பர் போனா எடுக்க மாட்டேங்கறான், கிரவுண்டுல ஒரே சத்தமா இருக்கும். நான் பஸ்ஸைப் புடிச்சு வந்துர்றேன்னு சொல்லணும், இல்லைன்னா ஆள் பத்தலன்னு பதறிக்கிட்டு இருப்பான். முதல்ல தவசியைப் பத்திச் சொல்லணும்ல? ஆமா, அதை முதல்ல சொல்லிட்டு அப்புறம் இதைச் சொல்றேன். போடுங்க, ஒம்பது ஏழு எட்டுல ஆரம்பிக்கும், இந்தாங்க இதுல பாத்துப் போடுங்க.

குணா? அழகுமலை பேசுறேன். ஒரு அண்ணன் போன்ல இருந்து. தவசிக்கு ஒண்ணும் பயமில்ல, கட்டுப் போடுறாங்க. நான் மூணே முக்கால் பஸ்ஸுல... இல்ல, கேளு, நான் வந்துருவேன். நாலரைக்கு வந்துருவேன். குணா. சரி. சரி, குடுக்குறேன். அண்ணே, உங்ககிட்டக் குடுக்கச் சொல்றான்.

என்னண்ணே சொன்னான்? எதுக்கு இவ்வளவு நேரம் ஊம் ஊம்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்க? தவசியோட மச்சினன் கார் எடுத்துட்டு வர்றானா. சரி. அது வரைக்கும் பையனைக் கொஞ்சம் பாத்துக்கங்கன்னு உங்ககிட்டச் சொன்னானா? உங்ககிட்டயா? உங்களை அவனுக்குத் தெரியாதே. கூட வந்தவன் நான் இருக்கேன்ல.

பைனலுக்கு? அஞ்சு பேரா? அஞ்சு பேரு இருந்தா எறங்கலாம்னு விழாக்குழுவுல ஒத்துக்கிட்டாங்களா. நான் போனா ஆறுண்ணே. அஞ்சை விட ஆறு பெருசுல்ல? ஏழு பேரு நிக்கிற எடத்துல அஞ்சு பேரு நின்னா எடது ஓரம் பூரா தொறந்து கெடக்கும். சின்னப்பய புகுந்து வந்துருவான். தோத்தாலும் பரவாயில்ல, அவரை வர விடாதீங்கன்னா சொன்னான்? அப்படியேவா சொன்னான்?

நீங்க சரியாக் கேட்டிருக்க மாட்டீங்க. சத்தம்.

ஆறு கிலோ குறைச்சேன்ணே. தண்ணி குடிக்காம நாக்கு வெடிச்சு வந்து நின்னேன். இதுக்கு மேல என்னத்தைக் குறைக்கிறது நான்? எதைக் குறைச்சா எடுப்பான்னு சொல்லச் சொல்லுங்க, குறைச்சிர்றேன். நேர்ல போயி நின்னா மாட்டேன்னு சொல்ல மாட்டாண்ணே அவன். மூஞ்சியைப் பாத்துச் சொல்ற பழக்கம் அவனுக்குக் கெடையாது. நேர்ல போகணும், அவ்வளவுதான்.

அந்தப் பொண்ணு மறுபடியும் கூப்புடுது. இழுக்கப் போறாங்களாம். தவசி கத்துறான், கேக்குதா? அண்ணே, நீங்க எந்திரிங்க. தோளைப் புடிக்கணும், ரெண்டு பக்கமும் ஆள் வேணும். நீங்க வலது பக்கம் நில்லுங்க, நான் எடது பக்கம். இழுக்குறப்பத் துள்ளுவான், விட்டுறாதீங்க.

அது பஸ் ஆரன்தானே? சரி, சரி, அதை விடுங்க. கதவு தொறந்துதான் இருக்கு. நீங்க முன்னால போங்கண்ணே, நான் இந்தா பின்னாலயே வர்றேன்.